ஊவா மலைகளில் விடுதலைக் குரல்

பிறர் விருப்புக்குத் தன்னை முற்றாக ஒப்புக்கொடுத்து வாழ மனிதன் ஒருப்படான் என்பதே உலக வரலாற்றின் உட்பொருள் எனலாம். கி.மு. 73இல் உரோமாபுரியின் அடிமைகள் ஸ்பாட்டகஸ் தலைமையிலே கிளர்ந்தெழுந்தனர், கி.பி. 1789இல் பிரெஞ்சு மக்கள் முடியாட்சிக்கெதிராக எழுந்தனர். இவற்றை நாம் வகுப்பறைகளில் விரித்துரைக்கின்றோம். ஆயின், பதுளையைச் சூழ்ந்து நிற்கும் மலைகளும் இரு பெரும் போராட்டங்களைக் கண்டவை என்பதை நம் மாணவர் பலர் அறியார். அப்போராட்டங்களை வரலாறு, கலை, அரசியல் என்னும் மூவகையானும் நோக்குதல் ஈண்டுப் பொருத்தமாகும்.

முதலாவது, சிங்களக் குடியானவரின் போராட்டம். 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. மூவாண்டுக்குள் ஊவா வெல்லஸ்ஸவில் மக்கள் கிளர்ந்தனர். அதனை அடக்குமாறு அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையே மக்கள் பக்கம் சேர்ந்தார். ஊர்களும் வயல்களும் எரிக்கப்பட்டன. 1818 நவம்பரில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். பின்னர் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைச் சான்று காட்டவியலாத நிலங்களை அரசுடைமையாக்கித் தோட்டக்காரருக்கு விற்க வழிகோலியது. தோல்வியுற்ற மக்களின் மலைகளிலே முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் வேரூன்றின.

அத்தோட்டங்களிலே உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தோர் பஞ்சத்தாலும் கடனாலும் உந்தப்பட்டவர்கள். இலங்கையில் அடிமை முறை 1844இல் ஒழிக்கப்பட்டமையால், சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் சுதந்திரர்களே. எனினும் சங்கிலி செய்ய இரும்புதான் வேண்டுமென்பதில்லை, கடனும் போதும். வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதப்பட்டன. எவ்வளவு கடனைத் தீர்த்தால் அவனை விடலாம் என்பதைக் குறித்த சீட்டே 'துண்டு' எனப்பட்டது. அச்சீட்டில்லாதவனை வேறு தோட்டம் ஏற்காது. மனிதனுக்கு விலை குறித்த காகிதமன்றி இது வேறென்ன? இத்துண்டு முறை 1921இலேயே சட்டத்தால் நீக்கப்பட்டது.

இனிக் கலையை நோக்குவோம். ஸ்பானிய நகரொன்றின் மீது குண்டு பொழிந்த கொடுமையைப் பிக்காசோ 1937இல் பெருஞ் சித்திரமாகத் தீட்டினார். நம் மலைகளிலே சித்திரக்காரர் இருந்திலர், பாட்டே இருந்தது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' தோட்டத்துரைமாரின் மனத்துக்கு உகந்தவாறு உழைப்பைப் பேசியது. அதற்கு மறுமொழியாகவே கொழுந்து மலையிலும் லயத்துத் தாழ்வாரத்திலும் பெண்கள் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் கொள்ளுதல் தகும். கங்காணியின் கெடுபிடியும் பெரட்டுக்களத்தின் அச்சமும் அரசாங்க அறிக்கைகளிற் புள்ளிவிவரமாகத் தோன்றும். பாட்டிலேதான் அவை வலியாகத் தோன்றுகின்றன. காலப்போக்கில் அவ்வலி கோரிக்கையாக மாறிற்று. கோ. நடேசய்யருடன் இணைந்து உழைத்த மீனாட்சியம்மாள், தொழிலாளர் கூடிய இடங்களிலே தாமியற்றிய பாடல்களைப் பாடி, 1940இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் பணியும் நன்றியோடு நினைக்கற்பாலது.

அதே 1940ஆம் ஆண்டு அரசியலிலும் திருப்புமுனையாயிற்று. சனவரியில், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். வேலைநிறுத்த அலை ஊவாவை எட்டியது. பதுளை மாவட்டத்து வெவெஸ்ஸத் தோட்டத்திலே தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே நடப்பதாகத் துரையும் இசைந்தார். அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களையும் தொழிலாளர் பறித்தனர். பின்னர் கடும் அடக்குமுறையால் அவ்வெழுச்சி ஒடுக்கப்பட்டது. ஆயினும், பெயர் சொல்லி அழைக்கப்பட்டால் மட்டுமே வாய்திறந்த மக்கள், தம் பிரதிநிதிகளைத் தாமே தெரிந்தமை சிறிய செயலன்று.

1947இல் நடந்த பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது, பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டிலே நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டின் பிரசாவுரிமைச் சட்டமோ இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. நாட்டின் விடுதலையும் நாட்டிலுள்ளோர் அனைவரின் விடுதலையும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், மக்களைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று.

வாக்கு மீண்டது, நிலம் வந்திலது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2023இற் பூனாகலைக் கபரகலைத் தோட்டத்திலும் மண்சரிவு நேர்ந்தது. ஆபத்தான சரிவென அறிந்தும் மக்கள் அகலாதிருப்பது அறியாமையாலன்று. அகன்று சென்று குடியேறத் தமக்கென ஒரு துண்டு நிலம் இல்லாமையாலாகும். அன்று கடன் கட்டி வைத்தது. இன்று நிலமின்மை கட்டி வைக்கின்றது.

கெப்பெட்டிபொலவையும் அவருடன் போராடியோரையும் துரோகிகளெனச் சாற்றிய ஆங்கிலேயர் அறிவித்தல் 2016இல் இரத்துச் செய்யப்பட்டது. ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழிந்தேனும் அவர்தம் மாண்பு மீட்கப்பட்டமை நன்று. வெவெஸ்ஸத் தொழிலாளரும் அதே மலைகளில், அதே ஆட்சிக்கெதிராக நின்றவர்களே. இவ்விரு போராட்டங்களையும் ஒரே பாடமாகக் கற்கும் சிங்கள மாணவனும் தமிழ் மாணவனும் ஒருவரையொருவர் அந்நியராக எண்ணார்.

வரலாறு பெரும்பாலும் எழுதத் தெரிந்தவர்களின் சாட்சியாகவே இருந்து வந்துள்ளது. இன்று நம் மாணவர் எழுத வல்லவர்கள்; பாடத் தெரிந்த பாட்டிமாரோ ஒருவர் பின் ஒருவராக மறைகின்றனர். விடுமுறையில் வீடு செல்லும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஒரு பாட்டையேனும், ஒரு வேலைநிறுத்தத்தின் நினைவையேனும் கேட்டு எழுதி வருவாராயின், அவ்வேடுகளே நாளைய வரலாற்றாசிரியனுக்கு மூலாதாரமாகும். விடுதலைக்காகப் போராடியோரை மறவாமையும் விடுதலைப் போராட்டத்தின் ஒரு கூறே.