தோட்டத்துப் பள்ளியும் இணையப் பக்கமும்

நெகிரி செம்பிலானில் தமிழர் வாழ்வின் வரலாறு பெரும்பகுதியும் தோட்டங்களின் வரலாறே ஆகும். 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை முதலில் ஈயத்தையும் பின்னர் ரப்பரையும் துறைமுகத்திற்குச் சுமந்து சென்றது. லாபு, லிங்கி, ரந்தாவ், சிலியாவ், பகாவ் முதலிய வட்டாரங்களில் பால்மரக் காடுகளை உருவாக்கிய கைகளுள் மிகப் பல, கங்காணிகள் வழியே தமிழகத்திலிருந்து வந்த கைகள். அவ்வாறு ஆள் அனுப்பும் முறையை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. அதற்குள் தோட்டத்து வரிசை வீடுகளிலேயே பிறந்து, ஆயாக்கொட்டகையிலேயே வளர்ந்த தலைமுறையொன்று இங்கு வேரூன்றிவிட்டிருந்தது.

அத்தலைமுறைக்கு எழுத்தறிவித்தது தோட்டப் பள்ளி. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல இடங்களில் அப்பள்ளி ஒரே கொட்டகை; ஆசிரியர் ஒருவரே; வகுப்புகள் அனைத்தும் அக்கூரையின் கீழேயே. சில தோட்டங்களில் காலையில் கணக்கெழுதிய கிராணியே பின்னர்ப் பிரம்பெடுத்து ஆசிரியராவதும் உண்டு. சட்டம் பள்ளியைக் கேட்டதே தவிர, அப்பள்ளியில் படித்து முடித்தவன் எங்கே செல்வான் என்று கேட்கவில்லை. பெரும்பாலோர்க்கு விடை பிரட்டுக் களத்திலேயே கிடைத்தது.

விடுதலைக்குப் பின்னர் நிலைமை ஓரளவு மாறியது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தமிழைத் தொடக்கப்பள்ளி அளவில் நிறுத்தியது. ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளை, புதுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து, மொழி மாறிய பிறகே இடைநிலைப்பள்ளியின் முதற்படிவத்தில் அடியெடுத்து வைத்தது. அந்த ஓராண்டின் சுமையைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். அவ்வளவாகப் பேசப்படாத விளைவு ஒன்றும் உண்டு. கணக்கும் அறிவியலும் தொழிலும் வேற்றுமொழியில் வருவன, தமிழ் வீட்டுக்கும் கோயிலுக்கும் இலக்கியப் பாடத்திற்கும் உரியது என்னும் பிரிவினை பிள்ளையின் உள்ளத்தில் பன்னிரண்டு வயதிலேயே பதிந்துவிட்டது. இணையப் பக்கம் அமைக்கும் கல்வி இம்மண்ணுக்கு வந்தபோது அப்பிரிவினையின் மீதே வந்து அமர்ந்தது.

தோட்டங்கள் கைமாறிய கதை நீண்டது. இவண் விரித்தல் வேண்டா. 1950களில் துண்டாடல், பின்னர் ரப்பருக்கு மாற்றாகச் செம்பனை, அதன்பின் நகராக்கம். 1990களில் இவ்வேகம் மிகுந்தது. சிலாங்கூரில் முதல் உலகப் போரின் ஆங்கிலேய முன்னாள் வீரர்கள் 1921இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவாயிற்று. 1996இல் அறிவிக்கப்பட்ட பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் நடுநகரமான சைபர்ஜெயா, அதற்கு அண்மையிலேயே தோட்ட நிலத்தில் எழுந்து 1999இல் திறப்பு விழாக் கண்டது. சிப்பாங்கில் 1998இல் பன்னாட்டு விமான நிலையம் திறந்தது. அதன் தாக்கம் மாநில எல்லையைத் தாண்டி நெகிரிக்குள்ளும் பாய்ந்தது. நீலாயில் புதுநகரும் கல்லூரிகளும் தோன்றின. பின்னாளில் சென்டாயான் வட்டாரமும் வீடமைப்புப் பகுதியாயிற்று. கணினித் தொழிலுக்கென நாடு ஒதுக்கிய நிலம் பால்வெட்டுக்காரர் விட்டுச் சென்ற நிலம் என்பதைப் புதிய நகரங்களின் வழிகாட்டிப் பலகைகள் சொல்வதில்லை.

கல்லூரிக் கதவும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் அகலத் திறந்தது. போர்ட்டிக்சனில் 1990இல் பலதொழில்நுட்பக் கல்லூரி அமைந்தது. 1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது; 1997இல் உயர்கல்விக் கடனுதவிக்கெனத் தேசிய நிதியம் உருவாயிற்று. எஸ்.பி.எம். தேர்வை ஓரளவு நல்ல முறையில் முடித்த தோட்டத்துப் பிள்ளைக்குக் கணினிப் பட்டயக் கல்வி எட்டக்கூடிய கனியாயிற்று. மருத்துவமும் சட்டமும் போல நெடுங்காலமும் பெரும்பொருளும் வேண்டாமல், இரண்டு மூன்று ஆண்டுகளில் வேலைக்கு வழிகாட்டும் கல்வி இது என்பதே அதன் கவர்ச்சி. கடன் கடனே என்பது பின்னரே தெரிந்தது. அது வேறு கதை.

அப்பட்டயப் படிப்பில் இணையப் பக்க அமைப்பு மூன்று அடுக்குகளாகக் கற்பிக்கப்படுகிறது. முதலாவது எச்.டி.எம்.எல்.; இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று பக்கத்தின் உறுப்புகளுக்குப் பெயரிடும் குறிமொழி. சுவிட்சர்லாந்தின் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்வைத்த திட்டத்திலிருந்து பிறந்தது இது. 1993இல் அவ்வாய்வுக்கூடம் இணைய வலையைக் கட்டணமின்றி உலகுக்கு வழங்கியது. இரண்டாவது சி.எஸ்.எஸ்.; நிறம், அளவு, இடைவெளி ஆகியவற்றை வகுக்கும் ஒப்பனை மொழி; 1996இல் தரமாக அறிவிக்கப்பட்டது. மூன்றாவது 1995இல் பிரெண்டன் ஐக் இயற்றிய ஜாவாஸ்கிரிப்ட். பொத்தானை அழுத்தினால் பக்கம் மறுமொழி தருவது இதனால். பெயர், வடிவம், இயக்கம் என்று சுருக்கிச் சொன்னால் தமிழாசிரியர்க்கும் விளங்கும்.

இம்மூன்றையும் கற்பிக்கும் பாடநூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. எடுத்துக்காட்டுப் பக்கங்களும் ஆங்கிலச் சொற்களைக் கொண்டவை. எழுத்து என்பது தானாகவே திரையில் தோன்றும் பொருள், அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்பது அப்பாடத்தின் சொல்லப்படாத முன்முடிவு. உரோம எழுத்துக்கு அது உண்மை. தமிழுக்கு உண்மையன்று. இவ்விடத்தில்தான் மாணவனுக்கு ஒரு வரலாறு மறைக்கப்படுகிறது. வேண்டுமென்றே மறைக்கப்படவில்லை, சொல்லத் தெரிந்தவர் வகுப்பில் இல்லாமையால் மறைகிறது.

தமிழெழுத்து பொறியில் ஏறிய கதையில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பெரும்பங்கு உண்டு. தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்பகுதிக்கு வந்து பணியாற்றியவர். கணினிக் காலத்தில், ஆசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். அவர் பிறந்த கேரித்தீவு, சிலாங்கூரின் கடலோரத்திலுள்ள ஒரு தோட்டத் தீவு. தமிழெழுத்தைக் கணினிக்குக் கொணர்ந்த முன்னோடிகளுள் ஒருவர் தோட்டச் சூழலில் தோன்றியவர் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லப்பட வேண்டிய செய்தியாகும்.

சிங்கப்பூரில் சிறுகதை எழுத்தாளரும் ஆசிரியப் பயிற்சிக் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி, கணியன் என்னும் முறையை அமைத்தார். 1995 அக்டோபர் 27ஆம் நாள், அந்நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட இணையப் பக்கத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தபோது, அதில் தமிழும் இடம் பெற்றிருந்தது. இணையத்தில் தமிழ் தோன்றிய முதற்பக்கங்களுள் அது முன்னிற்பதெனலாம். 1997 மே மாதம் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணையக் கருத்தரங்கிலும் அவருடைய உழைப்பு இருந்தது. 1999இல், ஐம்பத்து மூன்று வயதளவில், அவர் மறைந்தார். அவர் பொறியியல் கற்றவர் அல்லர் என்பதும், தமிழ் கற்பித்தவர் என்பதும் கருதத்தக்கவை.

அக்காலத்தில் ஒவ்வொருவரும் தத்தமக்கேற்ற எழுத்துருவை அமைத்தனர். உரோம எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துவிடுவதே வழி. கணினிக்கு அது ஆங்கில எழுத்துதான். தமிழ்ச் சட்டை மட்டுமே போட்டிருந்தது. படிப்பவரிடம் அதே எழுத்துரு இல்லையெனில் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாய்ச் சிதறும். இக்குழப்பத்தைத் தீர்க்கவே திஸ்கி என்னும் பொதுக் குறியீடு வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டரசு 1999இல் தாம், தாப் என்னும் இரு தரங்களை ஏற்றது. 2000ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டில் உத்தமம் அமைப்பு தோன்றியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது.

இறுதியில் நிலைத்தது ஒருங்குறி. 1991இன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு அதில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் 128 இடங்களே ஒதுக்கப்பட்டன. இந்திய அரசின் இஸ்கி அமைப்பே அதற்கு முன்மாதிரியாயிற்று. மெய்யெழுத்தையும் உயிர்மெய்யையும் தனித்தனி எழுத்தாகக் கொள்ளாமல், அகரமேறிய மெய்யையும் துணைக்குறிகளையும் ஒட்டி அமைக்கும் முறை அது. தமிழ் இலக்கணத்திற்கு இது முரண் என்று அறிஞர் பலர் வாதிட்டனர். உலகத் தரத்திலிருந்து விலகினால் தமிழ் தனிமைப்படும் என்று மற்றவர் வாதிட்டனர். இரு பக்கமும் நியாயம் இருந்தது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று, எல்லா எழுத்துகளுக்கும் இடமளிக்கும் பதினாறு துணுக்குக் குறியீட்டையும் உடன் ஏற்றது.

இவ்வாதம் பழங்கதையன்று, இன்றும் மாணவனின் திரையில் நிகழ்வது. 'தோட்டம்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? முதலாம் ஆண்டுப் பிள்ளை விரல்விட்டு எண்ணும்: தோ, ட், ட, ம் என நான்கு. ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஏழு என்று விடை தரும். தகரமும் ஓகாரக் குறியும், டகரமும் புள்ளியும், மீண்டும் ஒரு டகரம், மகரமும் புள்ளியும் என ஏழு இடங்களை அது எண்ணுகிறது. பெயரைப் பத்தெழுத்துக்குள் எழுதுக என்று படிவம் அமைக்கும் மாணவன் இதை அறியாவிடில், தன் பாட்டியின் பெயரையே அப்படிவம் ஏற்க மறுக்கும். சொல்லைத் தலைகீழாக்கும் பயிற்சியும் அவ்வாறே: ஆங்கிலத்தில் விளையாட்டாக முடிவது, தமிழில் புள்ளியையும் கொம்பையும் தம் எழுத்திலிருந்து பிய்த்தெறிந்துவிடும்.

ஒப்பனை மொழியிலும் இத்தகைய இடங்கள் உண்டு. ஆங்கிலத்திற்கென நெருக்கமாக வகுத்த வரியிடைவெளியில், மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'தீ'யோடு மோதும். 'தோட்டத்தொழிலாளர்களுக்கு' என்னும் ஒரே சொல் கைப்பேசித் திரையின் விளிம்பைக் கடந்து ஓடும். பக்கத்தின் தொடக்கத்தில் மொழி தமிழ் என்று ஒரு சிறு குறிப்பால் அறிவிக்காவிடில், பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் கருவி தமிழை எந்தக் குரலில் படிப்பதென்று தடுமாறும். இவை எவையும் கடினமானவை அல்ல. ஒரு பிற்பகல் வகுப்பில் கற்பிக்கத்தக்கவை. ஆயினும் பாடத்திட்டத்தில் தமிழ் இல்லாதபோது அந்தப் பிற்பகல் வருவதில்லை.

வேலைக்கு ஆங்கிலமே வேண்டும், தமிழ்ப் பக்கம் அமைக்கத் தெரிந்து என்ன ஊதியம் என்று கேட்பாருண்டு. கேள்வியில் குற்றமில்லை, பட்டயம் பெற்றவன் முதலில் கடனை அடைக்க வேண்டும். ஆனால் நெகிரியின் தோட்டங்களைப் பொறுத்தவரை இழப்பு ஊதியக் கணக்கில் அடங்காதது. தோட்டம் விற்கப்பட்டபோது வரிசை வீடுகள் இடிக்கப்பட்டன. கோயில்கள் இடம் மாறின. குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிதறின. வருகைப் பதிவேடு, ஆண்டுமலர், கோயில் திருவிழா அழைப்பிதழ், தொழிற்சங்கக் கிளையின் கூட்டக் குறிப்பு ஆகியன தோட்டத்தாரின் கையெழுத்து ஆவணங்கள். அவற்றுள் பலவும் தமிழில் உள்ளவை. தோட்டத்துரையின் அலுவலகப் பதிவுகளோ ஆங்கிலத்தில் அமைந்தவை. ஆங்கிலப் பதிவுகளை மட்டும் இணையத்தில் ஏற்றினால், நாளைய ஆராய்ச்சியாளர் தோட்டத்தைத் துரையின் கண்ணாலேயே காண்பார்.

ஏற்றப்பட்டவையும் எல்லாம் நிலைக்கவில்லை. 1990களின் பிற்பகுதியில் ஆர்வலர் பலர் பழைய எழுத்துருக்களில் அமைத்த தமிழ்ப் பக்கங்கள், அவ்வெழுத்துருக்கள் வழக்கொழிந்த பின் ஊமையாயின. தேடுபொறியில் தமிழில் தேடினால் அவை அகப்படுவதில்லை. கணினிக்கு அவை தமிழே அல்ல. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உண்டு. மாற்றிய பின் ஒவ்வொரு பக்கத்தையும் தமிழறிந்தவர் ஒருவர் படித்துச் சரிபார்க்கவும் வேண்டும். ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றும் பழைய அச்சுகளில், 'ர' எது, 'ா' எது என்பதைக் கருவியைவிட ஆறாம் ஆண்டு மாணவி விரைவில் கண்டுகொள்வாள்.

எனவே இப்பணிக்கு வேண்டியவர் இருவகை அறிவும் ஒருங்கே உடையவர்: பக்கத்தின் குறிமொழியும், தோட்டத்துப் பள்ளி கற்பித்த எழுத்தும். அத்தகையோர் நெகிரியில் இல்லாமலில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் கல்லூரியில் மூன்றாண்டும் பயின்றவர்கள் சிரம்பானிலும் சைபர்ஜெயாவிலும் பணியில் இருக்கின்றனர். அவர்தம் வேலைத் திரையில் தமிழ் வருவதில்லை. மாலையில் கைப்பேசியில் வருகிறது. அவர்களிடம் சென்று கேட்க வேண்டியவர் பள்ளி ஆசிரியரே. பள்ளிக்கு ஒரு பக்கம், அப்பக்கத்தில் பழைய மாணவர் பெயர்ப்பட்டி, ஓய்வுபெற்ற ஒரு பால்வெட்டுக்காரரின் வாய்மொழி, 1960களின் ஒரு வகுப்புப் படம் என்ற அளவில் தொடங்கலாம். பட்டயக் கல்வியின் இறுதித் திட்டப்பணியாகவே இதை மாணவர் எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு; கல்லூரி கேட்பது இயங்கும் பக்கமே அன்றி, அது இன்ன மொழியில்தான் இருக்க வேண்டும் என்பதன்று.

தோட்டம் மறைந்து, பள்ளி மட்டும் வீடமைப்புப் பகுதிக்கு இடம் மாறிய ஊர்கள் நாட்டில் பல உள்ளன. அவற்றுட் சிலவற்றின் வாயிற்பலகையில் 'லாடாங்' என்னும் மலாய்ச் சொல்லும் பழைய தோட்டத்தின் பெயரும் இன்னும் இருக்கின்றன. அப்பெயருக்குரிய நிலத்தில் இப்போது மாடி வீடுகளும் கடைவரிசைகளும் நிற்கின்றன. அவ்வீடுகளிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளை, பலகையிலுள்ள பெயர் யாருடையது என்று ஆசிரியரைக் கேட்கிறது.