ஸ்டாரும் செத்தாரும்: கெடா ஊர்ப்பெயர்களில் பழைய ஆங்கில அச்சின் தடம்

ஜித்ராவிலிருந்து தெற்கே போனால் முதலில் வரும் பெரிய நகரம் மலேசியாவின் கெடா மாநிலத் தலைநகர். சாலைப் பலகையில் அதன் பெயர் அலோர் செத்தார். தமிழர் பலர் இன்றும் எழுதுவது அலோர்ஸ்டார். இன்னும் தெற்கே உள்ள ஊரைப் பலகை சுங்கை பெத்தானி என்கிறது. தமிழில் அது சுங்கைப்பட்டாணி. இவற்றைத் தமிழரின் உச்சரிப்புக் கோளாறு என்று ஒதுக்குவது எளிது. அந்த விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இவற்றில் ஒரு பெயராவது காதால் கேட்டு எழுதியதன்று, ஆங்கில அச்சில் பார்த்து எழுதியது. அந்த அச்சு மாறிப் போன பிறகும் தமிழ் எழுத்துக்கூட்டல் மாறாமல் நின்றுவிட்டது.

மாநிலத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் கெடாவைத் தேடுபவர் ‘கே’ என்ற எழுத்தின் கீழ் தேடினால் ஏமாந்துபோவார். அது ‘கியூ’வில் தொடங்கியது. போர்த்துகீசியர் எகரத்துக்கு முன் வரும் ககர ஒலியைக் ‘கியூ, யூ’ என்று இரண்டு எழுத்தால் எழுதுவார்கள். அவர்களுடைய வரைபடங்களிலிருந்து ஆங்கிலேயர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் ‘கே’ வந்தது. சில காலம் நடுவில் இரட்டை ‘டி’யும் (d) இருந்தது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி சொல்லும் கடாரம் என்ற பெயர் தமிழில் இருக்கவே இருக்கிறது. ஆனாலும் அன்றாடப் புழக்கத்தைப் பிடித்துக்கொண்டது கெடாதான். கடாரம் இன்று மேடைக்கும் மலருக்கும் உரிய சொல்.

எழுத்துக்கூட்டல் ஒருபுறம் இருக்க, எழுத்தின் வடிவமும் அக்காலத்தில் வேறு. ஆங்கில அச்சில் ‘எஸ்’ எழுத்துக்கு இரண்டு உருவங்கள் இருந்தன. சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் நீண்டு நிமிர்ந்த ஒன்று, இறுதியில் இன்று நாம் காணும் வளைந்த ஒன்று. நீண்ட உருவம் பார்வைக்கு ‘எஃப்’ போலவே இருக்கும். குறுக்குக் கோடு மட்டும் முழுமையாக இராது. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றி அதற்குப் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் ஐலண்ட் என்று பெயர் வைத்தார். அன்றைய அச்சு முறைப்படி ‘வேல்ஸ்’ என்பதன் கடைசி ‘எஸ்’ வளைந்தது, ‘ஐலண்ட்’ என்பதன் நடுவிலுள்ள ‘எஸ்’ நீண்டது. ஒரே பெயருக்குள் இரண்டு உருவங்கள். 1790களில் லண்டன் அச்சகத்தார் நீண்ட ‘எஸ்’ஸைக் கைவிடத் தொடங்கினார்கள், 1803 செப்டம்பரில் ‘தி டைம்ஸ்’ நாளேடும் அதை விட்டது. எந்த அரசாணையும் இதற்குப் பிறக்கவில்லை. 1806இல் பினாங்கில் ஆங்கில வார இதழ் வெளிவரத் தொடங்கியபோது அந்த வடிவம் ஏறக்குறைய வழக்கொழிந்திருந்தது.

இதே தீவின் தமிழ்ப் பெயரும் ஒரு பழைய வடிவத்தைச் சுமந்தது என்பது கவனிக்கத் தக்கது. ‘பினாங்கு’ என்பதிலுள்ள ‘னா’வுக்கு இன்றுபோல் தனித் துணைக்கால் கிடையாது, எழுத்தின் காலே கீழே சுழிந்து நெடிலைக் காட்டும். ணா, றா ஆகியவையும் அப்படித்தான். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு முன்னால் யானைத் தும்பிக்கை போன்ற வளைவு. 1935இல் ‘குடி அரசு’ இதழில் பெரியார் இவற்றை மாற்றி அச்சிடத் தொடங்கினார். தமிழக அரசு 1978 அக்டோபரில் ஆணையிட்டுப் பதின்மூன்று எழுத்துகளில் சீர்திருத்தத்தை ஏற்றது. மலேசியாவும் சிங்கப்பூரும் பின்தொடர்ந்தன. தமிழில் மாறியது உருவம் மட்டுமே. எழுத்துக்கூட்டலில் கை வைக்கப்படவில்லை.

மலாய் இதற்கு நேர்மாறு. 1972 ஆகஸ்டில் மலேசியாவும் இந்தோனேசியாவும் ரூமி (லத்தீன் எழுத்து) எழுத்துக்கூட்டலை ஒன்றாக்கின. எழுத்தின் உருவம் அப்படியே இருக்க, சொற்கள் வேறு தோற்றம் பெற்றன. சகர ஒலிக்கு ஆங்கிலப் பாணியில் ‘சி, எச்’ என்று எழுதிவந்தது போய் வெறும் ‘சி’ ஆயிற்று. ஊர்ப்பெயர்களில் சில இதற்குத் தப்பின. ஜித்ராவுக்கு வடக்கே தாய்லாந்து எல்லையை ஒட்டிய சங்லூன் இன்றும் பழைய ‘சி, எச்’ உடன்தான் பலகையில் நிற்கிறது.

இனி அலோர்ஸ்டாருக்கு வருவோம். மலாய்ச் சொற்களில் வரும் ‘டி’ (t) எழுத்தைத் தமிழர் காதால் கேட்டு எழுதும்போது பெரும்பாலும் தகரமாகவே எழுதுகிறார்கள்: தாப்பா, கிளந்தான், தஞ்சோங். ஜித்ராவும் அப்படி வந்ததே. அதில் இருப்பது தகரம். ஆங்கிலச் சொல்லின் அதே எழுத்து தமிழில் டகரமாகும்: டிக்கெட், டீ, ஸ்டேஷன். ஆகவே ‘ஸ்டார்’ என்பதிலுள்ள டகரம் ஒரு சான்று. அந்தப் பெயர் மலாய்க்காரர் வாயிலிருந்து வந்திருந்தால் ‘ஸ்தார்’ என்றோ ‘செத்தார்’ என்றோ நின்றிருக்க வேண்டும். அது ஆங்கில எழுத்துக்கூட்டலைப் படித்தவர் வழியாக வந்திருக்கிறது. உண்மையில் செத்தார் என்பது ஒரு பழமரம். விண்மீனுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பில்லை. ஆனால் ஆங்கிலக் கூட்டலின் கவர்ச்சி பெரியது. 2003 டிசம்பரில் மாநகராக அறிவிக்கப்பட்டபோது அதிகாரபூர்வப் பெயரே ‘ஸ்டார்’ ஆயிற்று. சில ஆண்டுகளில் ‘செத்தார்’ திரும்பியது.

சுங்கைப்பட்டாணியில் இவ்வளவு உறுதி கூடாது. பழைய ஆங்கில அச்சில் அது ‘சுங்கெய் பட்டானி’ என்று அகரத்துடன் இருந்தது. இன்றைய ரூமியில் அந்த இடத்தில் எகரம். தமிழ் வடிவத்தின் அகரமும் டகரமும் பழைய அச்சோடு பொருந்துகின்றன. ஆனால் பட்டாணி தமிழருக்கு ஏற்கெனவே பழகிய சொல், தின்பண்டக் கடையிலிருந்தே தெரியும். பெயர் அந்தப் பக்கம் சாய அதுவே போதுமானதாக இருந்திருக்கலாம். தஞ்சோங் இன்னும் பலவீனமான சான்று. புதிய ரூமியில் அது ‘தஞ்சுங்’ என்றாலும் பேச்சில் ஓகரச் சாயல் இருப்பதால், தமிழர் அதை அச்சில் பார்த்தார்களா, காதில் கேட்டார்களா என்று பிரிக்க முடியாது.

தோட்ட வரலாறு எழுதுவோருக்கு இதில் நடைமுறைப் பயன் உண்டு. மின்வருடிய பழைய இதழ்களில் இன்றைய பெயரைத் தட்டித் தேடினால் பாதிச் செய்திகள் அகப்படாது; ‘ஸ்டார்’, ‘பட்டானி’, ‘கியூ’வில் தொடங்கும் கெடா ஆகிய எல்லாவற்றையும் தனித்தனியே இட்டுப் பார்க்க வேண்டும். நீண்ட ‘எஸ்’ உள்ள பக்கங்களைக் கணினி பெரும்பாலும் ‘எஃப்’ என்று படித்துவைத்திருக்கும். தமிழ்ப் பக்கங்களில் தும்பிக்கை லையும் சுழிந்த னாவும் இதே தொல்லையைத் தருகின்றன. ஒருங்குறியில் அவற்றுக்குத் தனிக் குறியெண் கிடையாது, பழைய உருவம் எழுத்துருவின் பொறுப்பு. எனவே தட்டச்சிடும்போது புதிய வடிவத்திலேயே இட்டுக்கொள்ளலாம். படிமத்தைக் கண்ணால் ஒருமுறை சரிபார்ப்பதை மட்டும் தவிர்க்க முடியாது.