எழுத்தாணி படாத இலைகள்

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஓலைச்சுவடிகள்தான். அங்குள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. அதே நிறுவனத்தில் எழுத்தாணி படாத இலைகளும் இருக்கின்றன. தாளில் ஒட்டி, பெயரும் இடமும் தேதியும் குறித்து அடுக்கிய 20,000-க்கும் மேற்பட்ட உலர்தாவர மாதிரிகள்.

1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. 1955 மார்ச்சில் இந்த நிறுவனம் திறந்தாயிற்று. ஆட்சி போன பிறகு காட்டைக் கணக்கெடுக்க உட்கார்ந்தார்கள் என்பது கொஞ்சம் வேடிக்கைதான். 1816-இல் வந்த லெஷனோ போன்றவர்களின் நோக்கம் வேறு. இங்கிருந்து பயனுள்ள செடிகளை ரீயூனியன் தீவுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நிறுவனத்தின் தாவரவியலாளர்களோ, துலூஸ் நகரத்து ஆன்றி கோசன் வகுத்த முறைப்படி, எந்த மண்ணில், எந்த மழையில் எந்த மரக்கூட்டம் நிற்கிறது என்று வரைபடம் போட்டார்கள். கன்னியாகுமரித் தாள் 1961-இல் வெளிவந்தது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது 10 கிலோமீட்டர்.

இந்த வேலையில் சிக்கலான கேள்வி ஒன்று வாசலிலேயே கிடந்தது. மழை நிறைய பெய்தால் பசுமைமாறாக் காடு, நீண்ட வறட்சி இருந்தால் இலையுதிர்காடு என்பது பாடப்புத்தகக் கணக்கு. புதுச்சேரி வட்டாரத்தில் வருஷத்தில் பாதி நாள் வறட்சி. அப்படியென்றால் சித்திரை வெயிலில் மரமெல்லாம் மொட்டையாக நிற்க வேண்டாமா? மரக்காணத்திலும் கோடியக்கரையிலும் எஞ்சிய பழைய காட்டுத் துண்டுகளில் அப்படி நடப்பதில்லை. காயா, வீரை, உலக்கைப்பாலை எல்லாம் பச்சையாகவே நிற்கின்றன. பிளாஸ்கோவும் லெக்ரியும் 1973-இல் இவ்விரு இடங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்கள். நிறுவனத்தின் இன்னொரு ஆய்வாளர் மெஹர்-ஹோம்ஜி விடையை மழையின் பருவக் கணக்கில் தேடினார். இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். கோடையிலும் அவ்வப்போது ஒரு மழை தலைகாட்டும். ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால் இந்தச் சூட்சுமம் பிடிபடாது.

மீதி விடை இலையிலேயே இருக்கிறது. காயா இலையைத் தொட்டுப் பாருங்கள் (திருமாலின் நிறத்துக்கு உவமை சொல்வார்களே, அந்தக் காயாம்பூவின் மரம்தான்). சிறிசு, தடிப்பு, தோல் மாதிரி விறைப்பு. உசில் நேர் எதிர். பொடிப்பொடியான மெல்லிய சிற்றிலைகள், வறட்சியில் உதிர்ந்துவிடும். அதை உலர்த்தி இடித்தால் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. காயா இலையை அப்படி இடிக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பின் உலர் எடை என்ன என்பது இன்றைய அளவுகோல். 2004-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, உலகெங்கும் 175 இடங்களின் 2,548 தாவர இனங்களை ஒப்பிட்டது. கனத்த இலை செய்யச் செலவு அதிகம், மெதுவாகவே உணவு தயாரிக்கும், ஆனால் நீண்ட நாள் உழைக்கும். மெல்லிய இலை மலிவு, சீக்கிரம் சம்பாதிக்கும், சீக்கிரம் போகும். நம்ம கடற்கரையில் இரண்டு வியாபாரமும் ஒரே மண்ணில், அடுத்தடுத்து நடக்கிறது. எனக்கு மழைக்காடுகளைவிட இந்தக் குட்டையான, முள்ளடர்ந்த காடு சுவாரசியமாகத் தெரிவது இதனால்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் பல மரங்களின் இலைநுனி நீர் வடிய வால் போல நீண்டிருக்கும். இங்கே வடியவிட அவ்வளவு தண்ணீர் ஏது?

வானூர்ப் பக்கச் செம்மண் மேட்டில் இந்தக் காடு அழிந்து, மண்ணும் அரித்துப்போயிருந்தது. 1968-க்குப் பிறகு ஆரோவில்காரர்கள் அங்கே மரம் வைத்தபோது, முதலில் கைகொடுத்தவற்றில் ஒன்று ஆஸ்திரேலிய அகேசியா. அதில் இலை போலத் தெரிவது உண்மையில் இலையே அல்ல, தட்டையாக விரிந்த காம்பு! அந்த நிழலில் பிறகு நாட்டு மரங்களை நட்டார்கள்.

அசல் காடு பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் மிச்சம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி ஒன்று இருக்கிறது. உலர்மாதிரியின் எடையையும் பரப்பையும் அலமாரி முன்னால் நின்றே அளந்துவிடலாம். அந்த இலை மரத்தில் எத்தனை மாதம் இருந்தது என்பதைத் தாள் சொல்லாது. அதற்கு உயிரோடு நிற்கும் மரத்தில், ஒரு கிளையில் நூலைக் கட்டிவிட்டு, துளிர் விட்ட நாளிலிருந்து உதிரும் நாள்வரை திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.