முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகள்: வேலூரின் குருத்தணுச் சோதனைகளும் திருகோணமலை மாவட்டமும் (1986–2024)

1. ஆய்வுப் பொருள்

குருத்தணுச் சிகிச்சை, பேச்சு வழக்கில் ஸ்டெம் செல் சிகிச்சை, என்ற ஒரே பெயருக்குள் இன்று இரண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, குருதி நோய்களுக்காகப் பல பதிற்றாண்டுகள் சோதிக்கப்பட்டு நிலைபெற்ற என்புமச்சை மாற்றும், அதன் வழியில் வந்த மரபணுச் சிகிச்சையும். மற்றது, பக்கவாதம், முள்ளந்தண்டுக் காயம், ஓட்டிசம் என எதற்கும் தனியார் நிலையங்கள் பணம் வாங்கிக்கொண்டு போடும் ஊசி. கந்தளாயிலோ மூதூரிலோ இருந்து கைபேசியில் தேடும் குடும்பத்துக்கு இரண்டும் ஒரே திரையில்தான் தோன்றுகின்றன.

திருகோணமலை மாவட்டத்தில் என்புமச்சை மாற்று நிலையம் இல்லை. ஆகவே இவ்வரலாறு இம்மாவட்டத்துக்குத் தொடர்பற்றது என்று தோன்றலாம். அப்படியல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். தமிழகத்தின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் 2024 வரை நடந்தவற்றைத் தொடர்ந்து பார்த்தால், அணுக்களை உடலில் ஏற்றுவது ஒரு நாள் வேலை என்பதும், அதன் முடிவைத் தீர்மானிப்பவை அந்த நாளுக்கு முன்னும் பின்னும் நோயாளி தன் ஊரில் கழிக்கும் ஆண்டுகள் என்பதும் தெளிவாகின்றன.

2. தோல்வியில் தொடங்கிய முறை

என்புமச்சை மாற்றின் முதல் முக்கிய அறிக்கை 1957 இல் வெளிவந்தது. அமெரிக்க வைத்தியர் டொனல் தோமஸும் குழுவினரும் ஆறு நோயாளருக்குப் பிறரது மச்சையை நரம்பு வழியாக ஏற்றியிருந்தனர். நூறு நாளைக் கடந்து எவரும் வாழவில்லை. யாருடைய மச்சை யாருக்குப் பொருந்தும் என்பதைக் காட்டும் இழையப் பொருத்த அறிவு அப்போது கைவசம் இல்லை. 1961 முதல் ரொறன்ரோவில் டில், மக்கலக் ஆகிய இருவரும் எலிகளில் செய்த ஆய்வுகள், மச்சையிலுள்ள தனி அணு ஒன்றிலிருந்தே பலவகைக் குருதி அணுக்கள் கிளைக்கின்றன என்று காட்டிக் குருத்தணுவுக்கு ஆய்வுகூடச் சான்று தந்தன. உடன்பிறந்தவரின் பொருத்தமான மச்சையை ஏற்றி, பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள குழந்தையைக் காப்பாற்றியது 1968 இல்தான் நிகழ்ந்தது.

இடையில் பல குழுக்கள் முயற்சியைக் கைவிட்டன. தோமஸ் நாய்களில் சோதனையைத் தொடர்ந்தார். 1977 இல், வேறு சிகிச்சைகள் பயன் தராத, முற்றிய குருதிப் புற்றுநோயாளர் நூறு பேரின் முடிவுகளை அவரது குழு வெளியிட்டபோது, பதின்மூவர் நோயின்றி உயிரோடிருந்தனர். மீதி எண்பத்தேழு பேரின் கதையும் அதே அறிக்கையில் இருந்தது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. எப்போது, எதனால் இறந்தனர் என்ற கணக்கே அடுத்த நோயாளருக்கு மாற்றை முன்கூட்டியே, நோய் முற்றுமுன் செய்யும் முடிவுக்கு வழிகாட்டியது. 1990 இல் தோமஸ் நோபல் பரிசு பெற்றார்.

3. வேலூர், 1986: பெசாரோ அளவுகோல் பொருந்தாத பிள்ளைகள்

இந்தியாவின் முதல் என்புமச்சை மாற்று 1983 இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், சுரேஷ் அத்வானியின் குழுவால் செய்யப்பட்டது. வேலூரில் மேமன் சாண்டியின் தலைமையில் 1986 இல் தொடங்கிய திட்டம் தொடக்கத்திலிருந்தே தலசீமியாவை முக்கிய இலக்காகக் கொண்டது. குருதிச் சிவப்பணுவின் புரதம் சரியாக உருவாகாத இந்தப் பரம்பரை நோயில், பிள்ளைக்கு மாதந்தோறும் குருதி ஏற்ற வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு பையோடும் இரும்பு சேர்ந்து ஈரல், இதயம், சுரப்பிகளில் படியும். இரும்பை வெளியேற்றும் மருந்து தவறாமல் கிடைக்காவிட்டால் நோயை விடச் சிகிச்சையின் சுமையே உயிரைப் பறிக்கும்.

இத்தாலியின் பெசாரோ நகரில் குய்டோ லுக்கரெல்லி, மாற்றுக்கு வரும் தலசீமியாப் பிள்ளைகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்திருந்தார். ஈரல் வீக்கம், ஈரலில் நார் படிதல், இரும்பு நீக்கும் மருந்தை ஒழுங்காக எடுக்காமை ஆகிய மூன்றுமே அளவுகோல். மூன்றும் இருந்தால் மூன்றாம் வகுப்பு, அதாவது ஆபத்து மிகுந்தோர். வேலூருக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் இந்த வகுப்பில் விழுந்தனர். மருந்துக்குப் பணமில்லை, மருத்துவமனை தொலைவில், நோய் தெரிந்ததே தாமதம் என்பதே அவர்களின் பொதுவான நிலை. பெரும்பாலோர் ஒரே வகுப்பில் விழும் அளவுகோலால் யாரைக் காப்பது, யாருக்கு முறையை மாற்றுவது என்று பிரித்தறிய முடியாது.

2007 இல் விக்ரம் மாத்யூஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் திருப்பமாக அமைந்தது. மூன்றாம் வகுப்புக்குள்ளேயே ஏழு வயதோ அதற்கு மேலோ ஆகி, ஈரல் விலா எலும்புக்குக் கீழே ஐந்து சென்ரிமீற்றரோ கூடுதலாகவோ இறங்கியிருந்த பிள்ளைகள் தனிப் பிரிவாகத் தெரிந்தனர். இறப்புகள் குவிந்திருந்தது இவர்களிடம்தான். வயதும் கைவிரலால் தொட்டறியும் ஈரலின் அளவும் எந்தக் கிராமிய வைத்தியசாலையிலும் பதியக்கூடியவை. ஈரலில் ஊசி குத்தி இழையம் எடுக்க வேண்டியதில்லை.

காரணமும் தேடப்பட்டது. புதிய மச்சைக்கு இடம் செய்யப் பழைய மச்சையை அழிக்கும் புசல்பான் என்ற மருந்து, ஏற்கெனவே இரும்பால் நொந்த ஈரலின் நுண்குழாய்களை அடைத்தது. அதற்குப் பதில் ட்ரியோசல்பானைப் பயன்படுத்திய முடிவுகள் 2013 இல் வெளிவந்தன. ஆபத்து மிகுந்த அந்தப் பிரிவில் ஈரல் நுண்குழாய் அடைப்பு 78 சதவீதத்திலிருந்து 30 ஆகவும், மாற்றை ஒட்டிய தொடக்கக் கால இறப்பு 46 சதவீதத்திலிருந்து 13 ஆகவும் குறைந்தன. இது சீட்டுக் குலுக்கி இரு அணியாகப் பிரித்த சோதனையன்று. அதே நிலையத்தின் பழைய நோயாளரோடு புதியவர்களை ஒப்பிட்டது. காலப்போக்கில் பராமரிப்பும் மேம்பட்டிருக்கும் என்பதால் இவ்வகை ஒப்பீட்டை எச்சரிக்கையோடு எடுக்க வேண்டும். ஆனால் இருபது ஆண்டுப் பதிவேடு ஒழுங்காக இல்லாதிருந்தால் இந்த ஒப்பீடுகூடச் சாத்தியமாகியிருக்காது.

4. ஹீமோபீலியா: ஐவர், 81 மாதங்கள்

2005 இல் இந்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு வேலூரில் குருத்தணு ஆய்வு மையம் அமைந்தது. மாற்று நிலையத்தின் அனுபவமும் ஆய்வுகூடமும் ஒரே வளாகத்தில் சேர்ந்ததன் பெரிய விளைவு 2024 டிசம்பரில், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த சோதனை. அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளரோடு சேர்ந்து, கடுமையான ஹீமோபீலியா ஏ உள்ள ஐவருக்கு அவர்களது சொந்தக் குருத்தணுக்களையே மரபணு சேர்த்துத் திருப்பி ஏற்றியது.

இந்நோயில் உறைகாரணி எட்டு என்ற புரதம் போதிய அளவில் உருவாவதில்லை. மூட்டுகளுக்குள் குருதி கசிந்து இளமையிலேயே நடை முடங்கும். மேல்நாடுகளில் அனுமதி பெற்ற மரபணு மருந்து ஒரு வகை வைரசின் மூலம் ஈரலுக்குள் மரபணுவைக் கொண்டுபோகிறது. அந்த வைரசுக்கு எதிர்ப்புப் பொருள் உடலில் இருப்பவர்களுக்கு அது உதவாது. அதன் பயனும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்கிறது. அமெரிக்காவில் 2023 இல் அதற்கு அறிவிக்கப்பட்ட விலை ஏறத்தாழ 29 இலட்சம் டொலர். வேலூர் முறை ஈரலை நாடவில்லை. குருதியிலிருந்து பிரித்த குருத்தணுக்களுக்குள் லென்டிவைரஸ் வழியாக மரபணுவைச் செலுத்தி, அவற்றிலிருந்து பிறக்கும் ஒற்றைக்கரு வெள்ளணு வழியினர் மட்டும் உறைகாரணியைச் சுரக்கும்படி அமைத்தது. மனித உறைகாரணியோடு பன்றியின் உறைகாரணிப் பகுதிகளைச் சேர்த்த கலப்பு வடிவம் கூடுதலாகச் சுரப்பதால் அதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது.

முதல் இருவருக்கும் அடுத்த மூவருக்கும் இடையே ஒரே வேறுபாடு, வைரஸ் அணுவுக்குள் நுழைவதைக் கூட்டும் பொருள் சேர்க்கப்பட்டதா இல்லையா என்பது. முதல் இருவரின் உறைகாரணி அளவு இயல்பில் 5.2, 1.7 சதவீதம். மூவருக்கு 37.1, 19.3, 39.9. ஐவரும் சேர்ந்து கழித்த 81 மாதங்களில், உறைகாரணி மிகக் குறைந்திருந்தவர் உட்பட, எவருக்கும் குருதிக் கசிவு நிகழவில்லை.

இந்த எண்களை அளவுக்கு மீறிப் படிக்கக்கூடாது. சோதனையில் இருந்தோர் வளர்ந்தோர் ஐவர் மட்டுமே. பின்தொடர்ந்த காலத்தின் இடைநிலை 14 மாதம். பழைய மச்சையை அழிக்கும் கடும் மருந்து இங்கும் உண்டு. எனினும் முந்திய முப்பது ஆண்டுகளில் தலசீமியாப் பிள்ளைகளிடம் அத்தகைய மருந்துகளைக் கையாண்ட அதே நிலையமே இந்த ஐவரையும் கவனித்தது.

5. எண்ணிக்கையில் கரைந்த நம்பிக்கைகள்

இதே காலத்தில் இதயத்துக்கும் மூளைக்கும் மச்சை அணுக்களை ஏற்றும் முயற்சிகள் பெரும் ஆரவாரத்தோடு நடந்தன. இதயநோயாளருக்கு மச்சை அணுக்களைச் செலுத்திய 49 சோதனைகளின் அறிக்கைகளை இலண்டன் குழுவொன்று வரி வரியாகச் சரிபார்த்து 2014 இல் வெளியிட்டது. தம்முள் முரண்பட்ட எண்களும் கூற்றுகளும் 604. முரண்பாடே இல்லாத சோதனைகளில் இதயத்தின் செயல்திறன் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது, அதாவது பயன் இல்லை. முரண்பாடு மலிந்த சோதனைகளில் அது 7.7 புள்ளி உயர்ந்திருந்தது. பயன் பெரிதாகத் தெரிந்தது அணுவால் அல்ல, கணக்கின் குளறுபடியால். மாரடைப்புக்குப் பின் அணுக்களை ஏற்றிப் பார்க்க 3,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட ஐரோப்பியச் சோதனை 375 பேரோடு நின்றது.

பக்கவாதத்துக்கு இந்தியாவின் ஐந்து மையங்களில் 120 பேரோடு நடந்த சோதனையின் முடிவு 2014 இல் வந்தது. சொந்த மச்சை அணுக்களைப் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஆறு மாதத்தின் பின் அன்றாட வேலைத் திறனில் வேறுபாடு இல்லை. இவ்வகை முயற்சிகளின் பின்னணியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 இல் வெளியிட்ட வழிகாட்டலை 2013 இலும் 2017 இலும் இறுக்கியது. நிலைபெற்ற குருதி நோய்ப் பயன்பாடுகள் தவிர மற்ற அனைத்தும் பதிவு செய்த சோதனையாக மட்டுமே நடக்கலாம், பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது அதன் சாரம். வழிகாட்டலை மீறிய வணிகம் அதனோடு நிற்கவில்லை. பாக்கு நீரிணையின் இக்கரையிலிருந்து செல்வோருக்கும் அந்தக் கடைகள் திறந்தே இருக்கின்றன.

6. இலங்கையும் திருகோணமலையும்

இலங்கையில் மனித இழைய மாற்றுச் சட்டம் 1987 இல் வந்தது. இலங்கை மருத்துவச் சங்கத்தின் மருத்துவச் சோதனைப் பதிவேடு 2006 முதல் இயங்குகிறது. 2015 இன் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் மருத்துவச் சோதனைகளுக்கு அனுமதி பெறுவதைக் கட்டாயமாக்கியது. நோய்ச்சுமையைப் பொறுத்தவரை, 2019 இல் வெளியான தேசிய ஆய்வு 23 மையங்களில் 1,774 தலசீமியா நோயாளரைக் கணக்கெடுத்தது. குருணாகல் மையமே மிகப் பெரியது.

இந்த வரலாற்றைத் திருகோணமலை மாவட்டத்தின் மேல் வைத்துப் பார்க்கும்போது இரண்டு தேவைகள் எழுகின்றன.

முதலாவது, முந்திய ஆண்டுகள். வேலூரின் 2007 ஆய்வு ஏழு வயதையும் ஐந்து சென்ரிமீற்றரையும் எல்லையாகக் காட்டியது. ஒரு பிள்ளை அந்த எல்லையைத் தாண்டுமா என்பது மாற்று நிலையத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை. குருதி ஏற்றும் உள்ளூர் வைத்தியசாலையில், இரும்பு நீக்கும் மருந்து மாதம் தவறாமல் கிடைத்ததா, ஈரலின் அளவு ஒவ்வொரு வருகையிலும் குறிக்கப்பட்டதா, உடன்பிறந்தோரின் இழையப் பொருத்தம் வேளையோடு பார்க்கப்பட்டதா என்பதில் தீர்மானிக்கப்படுகிறது.

இரண்டாவது, பிந்திய ஆண்டுகள். 2000 இல் பாரிசில், நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள குழந்தைகளின் குருத்தணுக்களில் மரபணுவைச் சேர்த்து வெற்றி அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கு நால்வருக்கும், இலண்டனில் இதேபோன்ற சோதனையில் ஒருவருக்கும் குருதிப் புற்றுநோய் வந்தது. செருகிய மரபணு, புற்றைத் தூண்டும் மரபணுவின் அருகில் அமர்ந்ததே காரணம். அதன் பின்பே பாதுகாப்பான லென்டிவைரஸ் வடிவங்கள் வளர்ந்தன. இவ்வகைச் சிகிச்சை பெற்றவர்களைப் பதினைந்து ஆண்டு பின்தொடர வேண்டும் என்ற நெறியும் உறுதிப்பட்டது.

பதினைந்து ஆண்டு என்பது இம்மாவட்டத்தில் சிறிய சொல்லல்ல. 2000 இல் சிகிச்சை பெற்ற பிள்ளை ஒன்று மூதூரிலோ சம்பூரிலோ இருந்திருந்தால், 2004 டிசம்பரின் ஆழிப்பேரலையையும் 2006 இன் போர்க்கால இடப்பெயர்வையும் அந்தப் பதினைந்து ஆண்டுக்குள்ளேயே கடந்திருக்கும். ஆழிப்பேரலை கிண்ணியாவின் வைத்தியசாலையையே சிதைத்தது. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். சிகிச்சை அட்டையும் குருதிப் பரிசோதனைத் தாளும் குடும்பத்தோடு சேர்ந்து பெயரும் நிலையில், சோதனை மையத்தின் பதிவேட்டில் அந்தப் பெயர் தொடர்பு இழந்தவர் என்ற வரியில் முடிந்திருக்கும். அப்படி விடுபட்டோர் கூடும்போது, தாமதித்து வரும் ஆபத்தும் கண்ணுக்குத் தப்பும்.

7. முடிபு

வேலூரின் முப்பத்தெட்டு ஆண்டு வரலாற்றில் ஒவ்வொரு முன்னேற்றமும் இறந்தோரையும் சேர்த்து எண்ணிய பதிவேட்டிலிருந்து பிறந்தது. இதயச் சோதனைகளின் சரிவும் எண்களைச் சரிபார்த்ததால்தான் வெளிப்பட்டது. ஆகவே, ஒரு நிலையம் எந்த அணுவை ஏற்றுகிறது என்பதை விட, அந்தச் சோதனை பதிவானதா, செலவு யாருடையது, ஐந்தாம் ஆண்டில் நோயாளியைத் தேடி வருவது யார் என்பவையே குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள்.

மாற்று நிலையம் கட்டும் வரை இம்மாவட்டம் காத்திருக்கத் தேவையில்லை. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையையும் கந்தளாய், கிண்ணியா, மூதூர் வைத்தியசாலைகளையும் இணைத்து, குருதி நோயுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் வயது, ஈரலின் அளவு, இரும்பின் அளவு, உடன்பிறந்தோர் பொருத்தம் ஆகியவற்றைக் குறிக்கும் ஒரே பதிவேட்டை, பிரதி ஒன்று மாவட்டத்துக்கு வெளியே இருக்கும்படி, பேணலாம். மாற்றுக்காகக் கொழும்புக்கோ வேலூருக்கோ செல்லும் பிள்ளையின் வாய்ப்பை அது இன்றே கூட்டும். திரும்பி வந்தபின் பதினைந்து ஆண்டு பின்தொடரவும் அதே பதிவேடு போதும்.