நிழலில் நாற்பது டிகிரி: ஒழுங்குபடுத்தி உள்ளடங்கிய லித்தியம் மின்னேற்றியை மதிப்பிடும் முறை குறித்து

மின்னேற்றிச் சில்லை மதிப்பிடுவோர் முதலில் அளப்பது இறுதி மின்னழுத்தத்தை. 4.2 வோல்ட்டில் பிழை 1 சதவீதம் என்றால் 42 மில்லிவோல்ட் கூடலாம், குறையலாம். லித்தியம் அயனிக் கலத்துக்கு இந்தத் துல்லியம் தேவைதான். ஆனால் பெயர்பெற்ற சில்லுகள் எல்லாமே இதில் தேறிவிடுவதால், எது நல்லது என்று இந்த அளவீடு சொல்வதில்லை. அதைச் சொல்பவை வெப்பமும் சுமையும். அவ்விரண்டையும் 25 டிகிரி அறையில், சுமையைக் கழற்றிவிட்டுச் சோதிப்பது வேடசந்தூர் போன்ற வெக்கை மிகுந்த ஊருக்கு உதவாது என்பதே என் வாதம்.

வேடசந்தூரில் குடகனாற்றை ஒட்டிய வயலில் மண் ஈரத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றை நட்டதாகக் கொள்வோம். கோடையில் நிழலிலேயே 40 டிகிரியை நெருங்கும் ஊர் இது. வெயிலில் மூடிய பெட்டிக்குள் 60 என்று வைத்துக்கொள்வது மிகையாகாது. உள்ளீடு 5 வோல்ட், கலம் 3.2 வோல்ட், மின்னேற்ற ஓட்டம் 800 மில்லிஆம்பியர் என்றால், நேரியல் மின்னேற்றி 1.44 வாட்டை வெப்பமாக்குகிறது. பலகையின் வெப்பத்தடை வாட்டுக்கு 60 டிகிரி என்றால், சில்லின் சூடு சுற்றுப்புறத்தைவிட 86 டிகிரி கூடும். 25 டிகிரி ஆய்வகத்தில் சில்லின் வெப்பநிலை 111 ஆகும். எல்டிசி4054 போன்ற சில்லுகள் 120 டிகிரியில்தான் ஓட்டத்தைக் குறைக்கத் தொடங்கும். ஆகவே அறிக்கையில் குறையேதும் தென்படாது. வயலிலோ அந்த வரம்புக்குள் 1 வாட்டுக்குத்தான் இடமுண்டு. ஓட்டம் சுமார் 555 மில்லிஆம்பியருக்கு இறங்கிவிடும். சில்லு பழுதாகவில்லை, சொன்னபடிதான் நடக்கிறது. நாம் கேட்ட 800 மட்டும் கிடைக்கவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. இந்த வெப்பக் கட்டுப்பாடு சில்லைக் காக்குமே தவிரக் கலத்தைக் காக்காது. பொதுவாக 45 டிகிரிக்கு மேல் லித்தியம் அயனிக் கலத்துக்கு முழு அளவில் மின்னேற்றக் கூடாது என்பார்கள்; பெட்டிக்குள் இருப்பதோ 60. கலத்தின் மேலேயே ஒட்டிய, சூட்டை உணரும் தெர்மிஸ்டரைச் சில்லு படித்தால்தான் தப்பலாம். லீனியர் டெக்னாலஜி உருவாக்கிய எல்டிசி4080, எல்டிசி4081 இரண்டும் மின்னேற்றியோடு 300 மில்லிஆம்பியர் மின்னழுத்த ஒழுங்குபடுத்தியும் சேர்ந்தவை. பின்னதில் தெர்மிஸ்டருக்கு முனை உண்டு, முன்னதில் இல்லை. நம் சமவெளிக்கு முன்னதை வாங்க எனக்கு மனம் வராது.

ஒழுங்குபடுத்தியையும் உள்ளே வைத்தால் சூடு இன்னும் ஏறாதா என்று கேட்கலாம். அந்த அச்சம் வேண்டாம். நேரியல் ஒழுங்குபடுத்தி 3 வோல்ட்டில் 100 மில்லிஆம்பியர் தரும்போது, கலம் 4.1 வோல்ட்டில் இருந்தால், வீணாவது 0.11 வாட்தான். அதுவும் கலம் நிறைந்திருக்கும்போது. மின்னேற்றி அதிகம் சுடுவதோ கலம் காய்ந்திருக்கும்போது. இரண்டு உச்சங்களும் ஒரே நேரத்தில் வருவதில்லை.

உண்மையான இடர் மின்னேற்றம் முடியும் இடத்தில் இருக்கிறது. எல்டிசி4063 போன்ற அமைப்பில் ஒழுங்குபடுத்தி கலத்தின் முனையிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. 800 மில்லிஆம்பியர்-மணிக் கலத்துக்கு, ஓட்டம் பத்தில் ஒரு பங்கான 80-க்குக் கீழே வந்ததும் நிறுத்துமாறு அமைத்திருக்கிறோம் என்போம். சுமை இடைவிடாது 100 இழுத்தால் மின்னேற்றியின் ஓட்டம் 80-க்கு இறங்கவே இறங்காது. கலம் நாள் முழுக்க 4.2 வோல்ட்டில், அந்த வெக்கையில் கிடந்து விரைவில் மூப்படையும். நேரக்கணக்கில் நிறுத்தும் வசதி இதைத் தவிர்க்கும். ஆனால் சுமையின்றிச் செய்த சோதனையில் இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது.

ஆகவே, இரவெல்லாம் எரிந்து, செருகிய நிலையிலும் எரியும் விளக்குக்கு இவ்வகைச் சில்லைப் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலும் உறங்கி, எப்போதாவது விழித்து 865–867 மெகாஹெர்ட்ஸில் சேதி அனுப்பும் வயல் கருவிக்கு அது பொருந்தும். அங்கே அளக்க வேண்டியது உறக்கத்தில் சில்லு தானே உண்ணும் மின்னோட்டத்தை. 20 மைக்ரோஆம்பியர் என்பது ஒன்றுமில்லாததுபோல் தெரியும். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் அது 175 மில்லிஆம்பியர்-மணி, அதாவது நம் கலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.