இரண்டு தூண்களின் மேல் ஒரு ராஜ்ஜியம்

இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் இரண்டு கான்கிரீட் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் மேல் துருவேறிய ஓர் இரும்புத் தளம். ஜெர்மன் விமானங்களைச் சுட்டு வீழ்த்த, கை மான்செல் என்ற பொறியாளரின் வடிவமைப்பில் 1943இல் நிறுத்தப்பட்ட ராஃப்ஸ் கோட்டை அது. 1956இல் கடைசி ஆட்களும் கிளம்பிப் போனார்கள். எந்த அரசும் கை வைக்க முடியாத தகவல்களுக்கெல்லாம் இனி இதுதான் புகலிடம் என்று 2000ஆம் ஆண்டு 'வயர்ட்' இதழ் அதே கோட்டையை அட்டைப்படக் கட்டுரையாக்கியது.

இடைப்பட்ட கதையைத் தொடங்கிவைத்தது வானொலி. 1960களில் பிரிட்டிஷ் வானொலி என்றால் பிபிசி மட்டும்தான். இளைஞர்கள் கேட்கத் துடித்த பாப் இசைக்கு அது ஒதுக்கிய நேரமோ சொற்பம். அப்போது பிரிட்டனின் கடல் எல்லை 3 கடல் மைல். அதைத் தாண்டி நங்கூரம் போட்ட கப்பலிலிருந்து 1964இல் 'ரேடியோ கரோலைன்' ஒலிபரப்பத் தொடங்கியது. முன்னாள் ராணுவ மேஜர் ராய் பேட்ஸுக்கும் அந்த ஆசை வந்தது. நாக் ஜான் என்ற இன்னொரு கடற்கோட்டையில் ஏறி 'ரேடியோ எசெக்ஸ்' நடத்தினார். அந்தக் கோட்டை பிரிட்டிஷ் எல்லைக்குள்தான் இருக்கிறது என்று தீர்ப்பாகி, 1966இல் அவருக்கு 100 பவுண்டு அபராதம் விழுந்தது. எல்லைக்கு வெளியே இருந்த ராஃப்ஸுக்கு ஜாகையை மாற்றினார்.

1967 ஆகஸ்டில் பிரிட்டன் கொண்டுவந்த சட்டம் கடலுக்குப் போய் யாரையும் பிடிக்கவில்லை. கடல் வானொலிக்கு விளம்பரம் கொடுப்பதும், சாப்பாடும் எரிபொருளும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், பிரிட்டிஷ் குடிமக்கள் அதில் வேலை பார்ப்பதும் குற்றம் என்றது, அவ்வளவுதான். கப்பல் கடலில் நின்றாலும் அதற்குச் சோறு போடும் கை கரையில் இருக்கிறது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்த இணையக்காரர்கள் இந்தச் சட்டத்தை ஒருமுறை படித்திருக்கலாம்.

பேட்ஸ் வேறு வழி பிடித்தார். 1967 செப்டம்பர் 2, மனைவி ஜோனின் பிறந்தநாளன்று, கோட்டையைத் தனி நாடாக அறிவித்தார். பெயர் சீலேண்ட், அவர் இளவரசர், ஜோன் இளவரசி. அடுத்த ஆண்டு அரசுத் தரப்புப் படகொன்று நெருங்கியபோது கோட்டையிலிருந்து துப்பாக்கி வெடித்தது. வழக்கு செம்ஸ்ஃபோர்டு நீதிமன்றத்துக்கு வந்தது. சம்பவம் நடந்தது 3 மைலுக்கு அப்பால், எனக்கு அதிகாரமில்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். எந்த நாடும் அங்கீகரிக்காத அந்த நாட்டுக்கு இந்தத் தீர்ப்புதான் வேதம். தபால்தலை, நாணயம், பாஸ்போர்ட் என்று வரிசையாக வந்தன. 1978இல் ஒரு ஜெர்மன் வணிகரின் ஆட்கள் கோட்டையைப் பிடித்து, மகன் மைக்கேலைச் சிறைவைத்தார்கள். பேட்ஸ் மீண்டும் கைப்பற்றி, அந்தக் கூட்டத்தில் ஒருவரைத் தேசத்துரோகி என்று அடைத்துவைத்தார். லண்டன் தூதரகத்திலிருந்து ஜெர்மன் அதிகாரி ஒருவர் பேச வந்தார். வந்தாரே, அதுவே அங்கீகாரம்தான் என்று இளவரசர் சொல்லிக்கொண்டார்!

1987இல் பிரிட்டன் தன் கடல் எல்லையை 12 கடல் மைலாக நீட்டியது. கோட்டை அதற்குள் அடங்கிவிட்டது. சீலேண்ட் அதை ஏற்கவில்லை.

இந்த இடத்துக்குத்தான் 2000இல், பிறரின் தகவல்களைச் சர்வரில் வைத்துக் காக்கும் ஹேவன்கோ என்ற நிறுவனம் வந்து சேர்ந்தது. பெயர் தெரியாமல் மின்னஞ்சல் அனுப்பப் பலரும் நம்பியிருந்த ஃபின்லாந்துச் சேவை ஒன்று, வழக்குகளின் நெருக்கடியில் 1996இல் மூடப்பட்டிருந்தது. அதே ஆண்டு இணைய ஆர்வலர் ஜான் பெரி பார்லோ, இணையம் அரசுகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்று ஒரு சுதந்திரப் பிரகடனமே எழுதினார். பிரகடனத்துக்குச் சர்வர் வைக்க ஓர் இடம் வேண்டாமா? ஷான் ஹேஸ்டிங்ஸும், எம்ஐடி படிப்பைப் பாதியில் விட்ட 21 வயது ரயன் லேக்கியும் சீலேண்டைத் தேர்ந்தார்கள். குழந்தைகளைப் பாலியல் பொருளாக்கும் படங்கள், ஸ்பேம், ஹேக்கிங் ஆகியவற்றுக்கு மட்டும் இடமில்லை. மற்றதெல்லாம் வைக்கலாம், எவர் கேட்டாலும் கொடுக்கமாட்டோம் என்றார்கள். ஆயுதக் காவல், நைட்ரஜன் வாயு நிரம்பிய சர்வர் அறை என்ற வர்ணனைகளில் பத்திரிகைகள் மயங்கின.

நைட்ரஜன் அறை வரவே இல்லை. லேக்கி கோட்டையிலேயே தங்கி, ஜெனரேட்டர் ஓசைக்கு நடுவே வேலை பார்த்தார். வெளியுலக இணைப்போ ஆமை வேகம். டீசலும் உணவும் உதிரிப் பாகமும் பிரிட்டிஷ் கரையிலிருந்து படகேறித்தான் வர வேண்டும். வந்த வாடிக்கையாளர்கள் ஒரு டஜன் அளவுதான், அவர்களிலும் பெரும்பாலோர் சூதாட்டத் தளக்காரர்கள். ஒடுக்கப்பட்டவர்களின் குரலைக் காக்கத் தேர்ந்த கோட்டையில் சீட்டாட்டம்தான் குடியேறியது.

விரிசல் வெளியிலிருந்து வரவில்லை. 2003இல் ஹேக்கர்கள் கூடும் டெஃப்கான் மாநாட்டில் லேக்கி எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். திரைப்படங்களை இணையத்தில் ஓடவிடும் ஒரு திட்டத்துக்குச் சீலேண்டின் அரச குடும்பம் அனுமதி மறுத்தது, பிரிட்டனைப் பகைத்துக்கொள்ள அது விரும்பவில்லை, தனக்கு வரவேண்டிய பணமும் வந்து சேரவில்லை என்பது அவர் தரப்பு. பேட்ஸ் குடும்பம் இதை மறுத்தது. யார் சொன்னது சரியோ, லேக்கி வழக்குப் போட நினைத்திருந்தால் எங்கே போயிருப்பார்? சீலேண்டின் நீதிமன்றமும் இளவரசர்தான், எதிர்த்தரப்பும் இளவரசர்தான். பெரிய அரசு ஒன்றின் சட்டத்திலிருந்து தப்ப, ஒரு குடும்பத்தின் விருப்பத்தையே சட்டமாக ஏற்றிருந்தார்கள். பிடிக்காத சட்டத்தை விட்டு ஓடும்போது, ஒப்பந்தத்தைக் காப்பாற்றும் சட்டமும் கரையிலேயே தங்கிவிடும் என்பதை அந்த இளைஞர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

2006இல் ஜெனரேட்டர் தீப்பிடித்துக் கோட்டை கருகியது. அதே ஆண்டு அமெரிக்கா, வெளிநாட்டுச் சூதாட்டத் தளங்களைத் துரத்திப் போகாமல், அவற்றுக்குப் பணம் போகும் வழியை வங்கிகளிடமே அடைக்கச் சொன்னது. 1967இன் அதே சூத்திரம். 2007இல் 'பைரேட் பே' என்ற கோப்புப் பகிர்வுத் தளம் சீலேண்டை வாங்க நிதி திரட்டியது, நடக்கவில்லை. 2008இல் ஹேவன்கோவின் இணையதளம் மறைந்தது.

ஆனாலும் ஆசை தீரவில்லை. ஜெர்மனியின் ட்ராபன்-ட்ரார்பாக் ஊரில், ராணுவம் கைவிட்ட நிலவறை ஒன்றில் டச்சுக்காரர் ஒருவர் 'சைபர்பங்கர்' என்ற சர்வர் கூடத்தை நடத்தினார். பல நூறு போலீசார் 2019 செப்டம்பரில் அதற்குள் நுழைந்தார்கள். பூமிக்கடியில் ஐந்து தளம் ஆழத்தில் இருந்தாலும் அது ஜெர்மன் மண். 2021இல் ட்ரியர் நீதிமன்றம் அவருக்கும் கூட்டாளிகளுக்கும் தண்டனை வழங்கியது.

ராய் பேட்ஸ் 2012இல் காலமானார். பட்டம் மகன் மைக்கேலுக்கு வந்தது. சீலேண்ட் இப்போது தன் இணையதளத்தில் பிரபு, சீமாட்டி பட்டங்களை விற்றுக் காலம் தள்ளுகிறது. பணம் கட்டினால் சான்றிதழ் தபாலில் வரும்.