நாற்பதை நெருங்கும் ஆடவரின் உடை: பூன் லே வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

‘ஆள்பாதி ஆடைபாதி’ என்னும் பழமொழியை மேடையில் எடுத்தாளாத தமிழர் அரியர். ஆயினும், அந்த ஆடைபாதி ஓர் ஆண்மகனின் வாழ்நாளில் எப்பருவத்தில் எவ்வாறு மாறுகின்றது என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. மகளிரின் சேலையைப் பற்றியும் அணிகலன்களைப் பற்றியும் ஏடு ஏடாக எழுதப்பட்டிருக்க, ஆடவரின் உடையோ வேட்டி, சட்டை என்னும் இரு சொற்களில் அடங்கிவிடுகின்றது. அதிலும், இளமை கழிந்தும் முதுமை எட்டாத நாற்பதை நெருங்கியவர்கள் எதை உடுத்துவது என்னும் வினா நகைப்புக்குரியதாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அது நகைப்புக்குரியதன்று என்பதற்குச் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலுள்ள பூன் லே வட்டாரம் நல்லதொரு சான்று.

பூன் லே என்பது ஒரு மனிதரின் பெயர். 1852-இல் பிறந்து 1933-இல் மறைந்த சியூ பூன் லே என்னும் சீன வணிகர் ஜூரோங் பகுதியில் மிளகு, ரப்பர் முதலிய பயிர்களை வளர்த்தார். அவர் பெயரே ஊருக்கு நிலைத்தது. 1961-இல் ஜூரோங்கின் சதுப்பு நிலத்தைத் திருத்தித் தொழிற்பேட்டை அமைக்கும் வேலை தொடங்கிற்று. 1968-இல் ஜூரோங் நகரக் கழகம் தோன்றியது. 1970-களில் பூன் லேயில் எழுந்த அடுக்குமாடி வீடுகள் தொழிற்சாலைகளில் முறைமாற்றி வேலை செய்வோரை மனத்திற்கொண்டு கட்டப்பட்டவை. 1982-இல் கழகத்தின் வீடுகள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்புக்கு மாறின. ஆகவே, இவ்வூரின் முதல் உடை தொழிற்சாலைச் சீருடையே எனலாம். சீருடைக்கு வயது கிடையாது. இருபது வயது இளைஞனும் நாற்பத்தைந்து வயது மேற்பார்வையாளரும் ஒரே நிறச் சட்டையில் ஒரே பேருந்தில் ஏறினர். வேலை முடிந்து அச்சட்டையைக் கழற்றி மாட்டிய பிறகே, ‘இனி எதை உடுத்துவது?’ என்னும் கேள்வி பிறந்தது.

அவர்களுடைய தந்தையர்க்கு இக்கேள்வி பிறந்ததில்லை. மாலையில் இடுப்பில் ஒரு கைலி; கோயிலுக்கும் திருமணத்திற்கும் வேட்டி; வேலைக்குக் காக்கிச் சிலுவார். இவற்றுள் கைலியின் கதை சுவையானது. மலாய்க்காரர்கள் ‘காயின் பெலிக்காட்’ என்றழைக்கும் கட்டம் போட்ட துணி, சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காட்டின் பெயரைத் தாங்கியது. சூலியா வணிகர்களின் கப்பல்களில் வந்து, மலாய்க் கம்பங்களில் வீட்டுடையாகி, பிறகு பசார் மாலாமில் தமிழர் கைக்கே திரும்பி வந்தது அது. இரவல் உடை என்று எண்ணி அதை உடுத்தும் தமிழர் பலர், தம் கரைத் துணியையே உடுத்துகின்றனர் என்பதை அறியார்.

வேட்டிக்கும் சட்டைக்கும் வேறொரு வரலாறு உண்டு. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் திறந்த மார்போடு பெட்டியடியில் அமர்ந்து கணக்கெழுதிய செட்டியார்களுக்கு, சட்டையின்மை செல்வத்தின் எளிமையாக அமைந்தது. அதே காலத்தில் தமிழகத்தின் சில பகுதிகளில் சட்டையின்மை பிறரால் சுமத்தப்பட்ட இழிவாக இருந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி அணியலாகாது, சட்டையோ பனியனோ போடலாகாது என்பன அவற்றுள் அடங்கும். அத்தகைய மண்ணிலிருந்து கப்பலேறி வந்தவன் சிங்கப்பூரில் ஒரு வெள்ளைச் சட்டையை வாங்கி மாட்டியபோது, அது வெறும் துணியாக இருந்திருக்க முடியாது. 1929-இல் பெரியார் மலாயாவுக்கு வந்து சென்றதும், 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதும், 1935-இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கியதும் இந்நாட்டுத் தமிழரிடையே தன்மான உணர்வை வளர்த்தன. முழுக்கைச் சட்டையும் கணுக்காலைத் தொடும் கால்சட்டையும் அவ்வுணர்வின் கண்கூடான அடையாளங்களாயின. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்குப் புறப்படும் தந்தை, இரும்புப் பெட்டி தேய்த்த மடிப்புக் கலையாமல் நடந்ததன் காரணத்தை இவ்வரலாற்றிலிருந்தே உணர வேண்டும்.

இனி மகனின் தலைமுறைக்கு வருவோம். 1954-இல் பிறந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவர் பள்ளியில் படிக்கையில், 1967-இல், தேசிய சேவை நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயதில் அவருடைய தலைமயிர் ஒட்ட வெட்டப்பட்டது. சேவை முடிந்து முடியை வளர்க்கலாம் என்று அவர் எண்ணிய வேளையிலோ, நீள்முடிக்கு எதிரான அரசாங்க இயக்கம் மும்முரமடைந்திருந்தது. 1972-இல் லெட் செப்பலின் இசைக்குழுவினர் நீள்முடியின் காரணமாக இந்நாட்டில் இறங்க முடியாமற் போயிற்று. 1974-இல் அரசாங்க அலுவலகங்களில் சுவரொட்டிகள் தொங்கின: நீள்முடி வைத்த ஆடவர் கடைசியில்தான் கவனிக்கப்படுவர்! நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொடுவது, காதை மறைப்பது, சட்டைக் காலருக்குக் கீழே இறங்குவது ஆகியவை நீள்முடி என்று படத்துடன் வரையறுக்கப்பட்டது. தலைமயிருக்கு இவ்வளவு நுட்பமான இலக்கணம் வகுத்த நாடு வேறொன்று உண்டோ என்பது ஐயமே. (இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அந்தத் தெளிவைப் பாராட்டவும் கூடும்.)

முடியைக் கட்டுப்படுத்திய அரசு கால்சட்டையை விட்டுவைத்தது. எனவே, இளைஞர் தம் மாறுபட்ட விருப்பத்தையெல்லாம் கணுக்காலில் இறக்கிவைத்தனர். பெல்பாட்டத்தின் அகலம் ஆண்டுதோறும் பெருகிற்று. காலர் நாய்க்காது போல் நீண்டது. பூப்போட்ட பாலியெஸ்டர் சட்டை உடலோடு ஒட்டியது. ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் நாட்டில் வியர்வையை உறிஞ்சாத துணியை விரும்பி அணிந்தது அறிவுடைமையாகாது. ஆனால், அழகுணர்ச்சி அறிவைக் கேட்டு நடப்பதில்லை. 1979-இல் வெளிவந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ படம் சிங்கப்பூரிலேயே பெரிதும் படமாக்கப்பட்டு, இசைக்குழு இளைஞர்களின் உடையைத் திரையில் விரித்துக் காட்டியபோது, தையற்காரர்களுக்கு வேலை கூடியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

அத்தையற்காரர்களைப் பற்றிச் சிறிது நின்று சொல்லவேண்டும். தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளரின் இடுப்பை அளந்து, நோட்டில் குறித்துக்கொள்வார். அடுத்த தீபாவளிக்கு அளவு இரண்டு அங்குலம் கூடியிருந்தால் வாய்திறந்து சொல்லமாட்டார்; தையலுக்குள் துணியைக் கூடுதலாக மடித்துவைத்து, பிற்பாடு பிரித்துவிட இடம் வைப்பார். நாற்பதை நெருங்கும் உடலுக்கு வேண்டியது இதுவே. தோளில் சரியாக உட்கார்ந்து, வயிற்றில் ஒட்டாமல், இடுப்புக்குக் கீழே நேராக விழும் சட்டை ஒருவரை இளைஞராக வேடமிடச் செய்வதுமில்லை, முதியவராக ஒதுக்கிவிடுவதுமில்லை. அந்தக் கலை மெல்ல மெல்ல ஆயத்த ஆடைக்கு இடங்கொடுத்தது. 1971-இல் கேம்பல் லேனில் ஆயத்த ஆடை விற்கும் சிறு கடையாகத் தொடங்கிய முஸ்தபா பின்னாளில் பேரங்காடியாக வளர்ந்தது இம்மாற்றத்திற்குச் சான்று. சிறியது, நடுத்தரம், பெரியது என்னும் மூன்று எழுத்துகளுக்குள் எல்லா உடலும் அடங்கவேண்டுமென்றாயிற்று.

1994-இல் நம் மனிதருக்கு நாற்பது வயது. பெரும்பாலான தேசிய சேவையாளர்க்கு ஆயத்தப் படைக் கடமை முடிவதும் அவ்வயதில்தான். நடுவயது வந்துவிட்டது என்று அரசே ஓலை அனுப்புவது போல! பூன் லேக்கு 1990-இல் பெருவிரைவு இரயில் வந்துவிட்டது. 1995-இல் ஜூரோங் பாயிண்ட் கடைத்தொகுதி திறக்கப்பட்டது. கடை நிறையத் துணி இருந்தும் அவருக்கென்று ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் மகனுக்குரிய ஜீன்சும் எழுத்துப் பொறித்த டீ சட்டையும். மறுபக்கம் தம் தந்தையைப் போலத் தோன்றச் செய்யும் சாம்பல் நிறக் கால்சட்டை. 1970-களில் அலுவலர்கள் விரும்பிய சபாரியோ வழக்கொழிந்துகொண்டிருந்தது. பலர் தொழிற்சாலை ஆண்டுவிழாவில் கொடுத்த டீ சட்டையையே விடுமுறை நாளிலும் அணிந்தனர். சிக்கனம் மட்டுமன்று, தேர்ந்தெடுக்கும் தொல்லையிலிருந்து விடுதலையும் அதற்குக் காரணம்.

சிலர் வேறுவழி கண்டனர். அவ்வழி மேற்கிலிருந்து வரவில்லை. அண்டை வீட்டிலிருந்து வந்தது. மலாய், சாவக மரபின் பாத்தேக் சட்டை, கழுத்துப்பட்டையும் கோட்டும் இன்றி முறையான நிகழ்ச்சிக்குச் செல்ல இடந்தந்தது. தளர்வான வெட்டு, காற்றோட்டம், வயிற்றை விளம்பரப்படுத்தாத பூவேலை என்று எல்லாமே நடுவயதுக்குப் பொருந்துவன. 1994-இல் இந்தோனேசியாவின் போகோரில் கூடிய ஆசிய பசிபிக் நாட்டுத் தலைவர்களே பாத்தேக் அணிந்து நின்றபின், அதனை அரைகுறை உடையென்று சொல்ல யாருக்கும் வாயில்லை. மற்றொன்று ஜிப்பா. வேட்டியோடு மட்டும் அணியப்பட்ட அதனைக் கால்சட்டைக்கு மேல், முழங்காலுக்குச் சற்று மேலே நிற்குமாறு குறுக்கித் தைத்து அணியும் வழக்கம் பரவியது. மரபும் புதுமையும் சண்டையின்றிக் கைகோத்த இடம் இது என்று துணிந்து கூறலாம். பெல்பாட்டத்தில் தொடங்கிய தனிவிருப்பம் முதிர்ந்து அடைந்த வடிவமும் இதுவே.

ஆயினும், வீட்டிற்குள் ஒரு பிணக்கு இருந்தே வந்தது. நாற்பது வயது மகன் அரைக்கால் சிலுவாரும் கையில்லாப் பனியனுமாக உணவங்காடிக் கடைக்குப் புறப்பட்டபோது, முதிய தந்தையின் முகம் சுருங்கிற்று. மகனுக்கு அது வெயிலுக்கேற்ற வசதி. தந்தைக்கோ, முழங்காலுக்குக் கீழே துணி அணியத் தடையிருந்த ஊரின் நினைவு. ‘நாலு பேர் பார்க்கும்படி உடுத்து’ என்று அவர் சொன்னதைப் பழைமைவாதம் என்று தள்ளிய பிள்ளைகள் உண்டு. அந்த நாலு பேர் யார், அவர்கள் முன்பு எதைத் தடுத்தார்கள் என்று கேட்ட பிள்ளைகள் குறைவு. பூன் லே வீடுகளில் இவ்வரலாறு சொல்லப்படாமலே போன குடும்பங்கள் பல. தமிழகத்தில் 2014-இல் வேட்டி அணிந்த உயர்நீதிமன்ற நீதிபதியொருவர்க்குச் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தில் நுழைவு மறுக்கப்பட்டு, அத்தகைய தடைகளை நீக்கச் சட்டமே இயற்றப்பட்டதை எண்ணினால், உடை யாரை உள்ளே விடுவது என்னும் கேள்வி இன்னும் ஓயவில்லை என்பது புலனாகும்.

1982-இல் கட்டடம் எழுந்து, 2000-இல் மீண்டும் தேக்கா என்னும் பெயர் பெற்ற நிலையத்தின் மேல்தளத்தில் இன்றும் துணிக்கடைகளும் தையல் இயந்திரங்களும் நெருங்கி நிற்கின்றன. தீபாவளி நெருங்கும் வாரங்களில், பூன் லேயிலிருந்து இரயிலேறி வரும் தந்தையரும் தனயரும் அங்கே ஜிப்பாவின் நீளத்தைக் குறித்து வாதிடுகின்றனர். தந்தை முழங்காலைக் காட்டுகின்றார். மகன் அதற்கு ஒரு சாண் மேலே காட்டுகின்றான். தையற்காரர் இரண்டுக்கும் நடுவே சாக்குக் கட்டியால் ஒரு கோடு இழுக்கின்றார்.